நாங்கள் கொடுத்த கன்சென்ட்

இப்போது நான் ஃபிஜியில், நமாகாவில் இருக்கிறேன், விமான நிலையத்துக்கு மிகப் பக்கத்தில். விமானம் இறங்கும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் கண்ணாடி நடுங்கும். போனில் பேசிக்கொண்டிருந்தால், "கொஞ்சம் இரு, அது போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். எங்கள் ஊரில் விமானத் தளம் வரக் கூடாது என்று ஒரு காலத்தில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அலைந்தவள் நான். பக்கத்து வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டும், அதற்குத் தெம்பு வேண்டும். என் கணவர் இருந்தவரை இதை எழுதுவதில்லை என்றும் இருந்தேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

அப்போது நாங்கள் பினாங்கில் இருந்தோம். மலேயாவில் இருக்கும் பினாங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ராக்கிராக்கியில் இருக்கும் சர்க்கரை மில்லுக்கும் அதைச் சுற்றிய ஊருக்கும் அதுதான் பெயர். மில்லிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையாக ஒரு நிலம். அதில் முப்பத்தைந்து குடும்பங்கள், எல்லாம் மதராஸ் பக்கமிருந்து கரும்புக் கூலிக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். நிலம் எங்களுடையது அல்ல. மலைமேல் இருக்கும் கோரோவுக்கு, அதாவது ஃபிஜிக்காரர்களின் கிராமத்துக்குச் சொந்தம். எங்களுக்கு லீஸ். எங்கள் பங்கு பதினோரு ஏக்கர், லீஸ் முடிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

நான் டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்புவரை தமிழ் படித்தேன், பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்து அதைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். வீட்டுக்குள் நானும் கணவரும் தமிழ். வாசலைத் தாண்டினால் எல்லாரையும் போல ஃபிஜி பாத், எங்கள் இந்தி. எங்கள் மகளுக்கு பாத் மட்டும்தான். தமிழில் திட்டினால் புரிந்துகொள்வாள், பதில் பாத்தில் வரும்.

'கூ' என்ற சொல்லை நாங்கள் கற்றது எண்பத்தேழாம் வருடம்தான். பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதற்கு ஆங்கிலக்காரன் வைத்த பெயராம். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நடந்தது, ஆகவே பாடம் நன்றாகப் பதிந்தது. அதற்குப் பிறகு ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு நாள் துப்பாக்கி வைத்திருந்த ஒரு பையன், என் மகள் வயதுக்கு நாலைந்துதான் கூட இருக்கும், என் சோற்றுக் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். கத்தரிக்காய்க் குழம்பு. அவன் முகர்ந்து பார்த்து மூடிவிட்டு மரியாதையாக "வினாகா" என்றான், நன்றி என்று. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த நாட்டில் எனக்கு அசதியாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை, அசதிதான்.

ஜனங்கள் போக ஆரம்பித்தார்கள். வெளிநாட்டை நாங்கள் 'பாஹர்' என்போம், வெளியே என்று அர்த்தம். "அவன் பாஹர் போய்ட்டான்" என்றால் சிட்னியோ ஆக்லாந்தோ வான்கூவரோ, எங்கேயோ ஒன்று. கோயில் கூட்டத்தில் பாதிப் பேச்சு பாஸ்போர்ட் பேச்சாக ஆனது. எனக்கும் போக வேண்டும் என்றிருந்தது. இதை ஒளிக்க ஒன்றுமில்லை. கணவரின் அண்ணன் வான்கூவரிலிருந்து கடிதம்மேல் கடிதம் போட்டார், குடும்பத்தோடு வா, நான் எழுதிக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று. என் கணவர் கடிதத்தைப் படிப்பார், மடிப்பார், முருகன் படத்துக்குப் பின்னால் செருகுவார், கரும்புக்குள் போய்விடுவார். அந்த நிலத்தில் இருந்த கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்தது அவருடைய அப்பா. அந்த மனிதர் அதை விட்டு வருவாரா. நான் கேட்டதே இல்லை. என் ஆசையை வாயைத் திறந்து சொன்னதும் இல்லை.

ஒரு நாள் காலையில் கரும்புக்கு நடுவே சிவப்பு அடித்த முளைக்குச்சிகள் நின்றன. எங்கள் வயலில் மட்டும் ஒன்பது. முதலில் மில்லுக்காரர்கள் ரயில் தண்டவாளத்துக்கு அளந்திருப்பார்கள் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து, டவுனில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் எங்களுக்கும் தெரிந்தது. பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுக்க ஒரு விமானத் தளம். சின்ன விமானங்கள் ஏறி இறங்கப் பழகுமாம், ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குதிப்பார்களாம். அதற்குத் தோதான தட்டை நிலம் எங்களுடையதுதானாம்.

கணவரும் இன்னும் நாலு பேரும் இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மலைமேல் கோரோவுக்குப் போனார்கள். ஃபிஜிக்காரரிடம் ஒரு விஷயம் கேட்கப் போனால் அதைக் கொண்டுபோய் வைத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். அது முறை. கிராமத் தலைவர் எங்களுக்குத் தெரிந்தவர், எங்களைவிட நன்றாக பாத் பேசுவார். தங்கள் முன்னோர் வீடுகள் இருந்த மேடுகளும் மரவள்ளித் தோட்டமும் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன, தங்களிடமும் யாரும் வேர்க்கட்டு வைத்துக் கேட்கவில்லை என்றாராம். அதுதான் அவருக்குப் பெரிய குறை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ, தெரியாது. ஜில்லா ஆபீஸில் கூட்டம் போட்டுக் கேட்பார்கள், அன்றைக்கு மேலேயும் கீழேயும் ஒரே பேச்சாக வேண்டாம் என்று சொல்வது என்று முடிவாயிற்று.

ஆட்சேபணைக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன், சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் மிஷினில், நாலு கார்பன் வைத்து. வக்கீல் பின்னால் வந்து நின்று இரண்டு வரி படித்தார். "இதை நான் பார்க்கவில்லை. எழுத்துப்பிழை இரண்டு இருக்கிறது, அதையும் நான் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் அந்த வருடக் கடைசியில் பிரிஸ்பேன் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்சென்ட். ஆங்கிலத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம், அகராதியில் அப்படித்தான் இருக்கும். கரும்புக்காட்டில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. லீஸ் நிலத்தில் நாங்கள் எதைச் செய்வதானாலும் நிலத்து ஆபீஸிலிருந்து கன்சென்ட் வாங்க வேண்டும். லீஸை இன்னொருவனுக்கு மாற்ற வேண்டுமா, கன்சென்ட். வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமா, கன்சென்ட். மனு போட்டுவிட்டு இரண்டு வருடம் மூன்று வருடம் காத்திருப்போம். சந்தையில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "கன்சென்ட் வந்திச்சா?" என்பதுதான் பேச்சு. எங்களுக்குக் கன்சென்ட் என்பது மேலேயிருந்து வருகிற காகிதம். வந்தால் அன்றைக்குப் பாயசம். அதை நாங்கள் யாருக்காவது கொடுக்க முடியும், எங்களிடம் ஒருவன் வந்து அதைக் கேட்பான் என்று எங்கள் மூன்று தலைமுறையில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சர்க்கார் ஜீப் வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அன்று எங்கள் மாமரத்தடியில் கரும்பு லாரிக்காக ஆட்கள் கூடியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, கட்டாகக் காகிதம் எடுத்து, கன்சென்ட் ஃபாரம், இங்கே கையெழுத்து என்றார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. காகிதத்தின் தலையிலும் அதுதான் எழுதியிருந்தது. என் கணவர் முதலில் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "இன்னாது அது?" என்று பின்னால் நின்றவர்கள் கேட்டதற்கு, "கன்சென்ட்டுதான்" என்றார். பாஹர் போவதற்காக லீஸை விற்க மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள்தான் அங்கே அதிகம். வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறவளின் புருஷன் போட்டுவிட்டார், அப்புறம் என்ன யோசனை. விஷயம் பரவி, வீட்டிலிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். ஜீப் போவதற்குள் இருபத்திமூன்று பேர் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றும்போது, "கன்சென்ட் வந்திச்சி. கையெழுத்து போட்டுட்டேன்" என்றார்.

எங்கள் தகர வீட்டை இடித்துக் கல்வீடு கட்டுவதற்குக் கூவுக்கு முன்னால் ஒரு மனுப் போட்டிருந்தோம். அதற்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். இனிமேல் கல்வீடு, இனிமேல் எங்கே வான்கூவர். "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். காகிதம் எங்கே, காட்டுங்கள் என்று கேட்கவில்லை. நாள் முழுவதும் காகிதம் படித்துச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டுக் காகிதத்தைக் கேட்கவில்லை. கண் எரிந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன், அவ்வளவுதான் காரணம். இதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கூட்டத்துக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜில்லா ஆபீஸ் கூடத்தில் ஒரு பக்கம் கோரோக்காரர்கள், ஒரு பக்கம் நாங்கள். என் கடிதத்தை நானே எழுந்து படித்தேன். நன்றாகத்தான் படித்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்து, முப்பத்தைந்து லீஸ்காரர்களில் இருபத்திமூன்று பேர் நிலத்தை அளக்கவும், தேவைப்பட்டால் லீஸை ஒப்படைக்கவும் எழுத்தில் கன்சென்ட் கொடுத்திருக்கிறார்களே என்றார்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, நிஜமாகவே புரியாமல், பாத்தில் கேட்டார்: கன்சென்ட்டை நாங்கள் எப்படிக் கொடுப்பது, அதை நீங்கள்தானே கொடுக்க வேண்டும்? ஆபீஸ் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிராமத் தலைவர் எழுந்து வந்து என் கணவர் முன்னால் நின்று, "தும் லோக் காஹே சைன் மாரா?" என்று மெதுவாகக் கேட்டார், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நிலையில் அவரை நான் பார்த்ததில்லை. நான் எழுந்து ஆங்கிலத்தில், இவர்களுக்கு அது என்ன காகிதம் என்று தெரியாது, என் கணவருக்கும் தெரியாது, தெரிந்தா போடுவார்கள் என்று சத்தமாகவே பேசினேன்.

அதிகாரி கோபப்படவில்லை. வேண்டாம் என்றால் வாபஸ் வாங்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, இங்கே நேரில் வந்து, மாதக் கடைசிக்குள் போட வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் வெட்டுக் கேங்கின் சர்தார் என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் செட்டில்மென்ட்டில் கரும்பை எல்லாரும் சேர்ந்து ஒரு கேங்காக வெட்டுவோம், யார் வயலை எப்போது வெட்டுவது என்று வரிசை சொல்கிறவர் சர்தார். அவர் கையெழுத்துப் போடாத பன்னிரண்டு பேரில் ஒருவர்.

"உங்க வூட்டுக்காரரு தெனம் இங்கிலீஸ் பேப்பர் படிக்கிறவருதானே" என்றார்.

"பேப்பர் இங்கிலீஸ் வேற, லாயர் இங்கிலீஸ் வேற. எனக்கே சில சமயம் புரியறதில்ல."

"அப்படியா" என்றார். அந்த ஒரு சொல்லோடு போய்விட்டார். அந்த சீசனில் எங்கள் கரும்பு வரிசையில் கடைசிக்குப் போனது. கடைசி என்றால் மழை ஆரம்பித்த பிறகு, லாரி சேற்றில் புதையும்போது. யாரும் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள்.

இருபத்திமூன்று வாபஸ் கடிதம் டைப் அடித்தேன். முதல் கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். கரும்புக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்பவும் படித்தார். ஒரு தடவை ஏமாந்துவிட்டாரே, அந்த ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மற்ற இருபத்திரண்டு வீட்டுக்கும் நான் போனேன். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு, நாளுக்கு இரண்டு வீடு மூன்று வீடு. அவருடைய பெயரைக் காப்பாற்ற வேண்டும், அவருடைய நிலத்தைக் காப்பாற்ற வேண்டும். எனக்கு வேண்டாத நிலம்தான். ஆனால் அவர் அதை இழந்து, இழக்கக் காரணமும் அவரே என்று ஊர் சொல்லி, அந்த முகத்தோடு மிச்ச வாழ்நாள் இருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. அதற்கு அந்தக் கரும்பே மேல்.

இப்போது எந்தக் காகிதத்தையும் யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட கிழவர் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"இது கன்சென்ட்டா?" என்றார்.

"இல்ல பெரியப்பா. கன்சென்ட்ட வாபஸ் வாங்கறது."

"வாபஸ் வாங்கறதுக்குக் கன்சென்ட் வேணுமா?"

"வேணாம்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாரு" என்றார். பிறகு போட்டார். எழுத்துக் கோணலாக விழுந்தது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்றிருந்தது.

ஆற்றோர வீட்டில் கூடம் முழுக்கப் பெட்டி. அந்த வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள், கட்டிலில் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் தொடவே இல்லை.

"அக்கா, எங்க பாஸ்போர்ட்டு ஆபீஸுக்குள்ள கீது. இப்போ பட்டாளத்துக்கு எதிரா பேரு குடுத்தா திரும்பி வருமா? நீங்களே சொல்லுங்க."

"வரும். ரெண்டும் வேற வேற ஆபீஸு."

"நெஜமா தெரியுமா?"

தெரியாது. அப்போது யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. "தெரியாது" என்றேன். டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். அப்படி எட்டு வீடு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது, பொறாமையும் வந்தது. பொறாமைதான் அதிகம்.

பதினாலு பேர் போட்டார்கள். அதிலும் பலர் போகலாமா இருக்கலாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களிடம் நான் பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. எங்கே போய் யார் கையை எதிர்பார்ப்பது, நாலு பேர் இருந்தால்தானே ஊர், எல்லாரும் போய்விட்டால் கோயிலில் விளக்கேற்றுவது யார், நாங்கள் போகப்போவதில்லை, நீங்களும் இருங்கள். நன்றாகப் பேச வந்தது எனக்கு. மனசில் இல்லாததைப் பேசுவது அவ்வளவு சுலபம் என்று அதுவரை தெரியாது.

பதினாலு பேரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரே லாரியில் ஜில்லா ஆபீஸுக்குப் போனோம். காலையில் போனவர்களை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். கிராமத் தலைவரும் கோரோவின் சார்பில் ஒரு கடிதத்தோடு வந்து எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கை எங்கள் டின் மீன் குழம்போடு சேர்த்துத் தின்றோம். சர்தாரும் வந்திருந்தார், கூப்பிடாமலே. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர் மட்டும் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவமானம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்றும் யாரும் சொல்லவில்லை. முளைக்குச்சிகள் வயலிலேயே நின்றன, சிவப்பு வெளுத்தது. எங்கள் கரும்பை மழையில் வெட்டினார்கள். ஆற்றோர வீட்டுப் பெண் சிட்னி போனாள், பாஸ்போர்ட் ஒழுங்காகவே வந்தது. ஒரு தீபாவளி போயிற்று, ஒரு தீமிதி போயிற்று, கூட்டம் பாதியாக இருந்தது.

அடுத்த வருடம், வக்கீலின் இடத்துக்கு வந்த புது வக்கீலிடம் ஏதோ பத்திரம் வாங்க ஜில்லா ஆபீஸ் கிளார்க் ஒருவர் வந்தார். காத்திருந்தபோது பேச்சுக்குக் கேட்டேன், அந்த விமானத் தளம் என்ன ஆச்சு என்று. "அதுவா? அதை விட்டு ஆறு மாதம் ஆகிறதே. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்றார். எங்கள் வாபஸ் கடிதத்தாலா, கோரோக்காரர்களாலா, வேறு இடம் கிடைத்ததா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு, கடையில் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இருக்கும். ஒரு வருடமாக அவர் தலைநிமிர்ந்து நடக்கவில்லை, இனி நடப்பார். சர்தாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் வெட்டிய கட்டையில் மறுபடி துளிர்த்த கரும்புக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று சொன்னேன்.

"வுட்டுட்டாங்களாம். இங்க வராதாம். ஆறு மாசம் ஆச்சாம்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு வந்து வரப்பில் உட்கார்ந்தார். லட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

"வந்திருந்தா போயிருக்கலாம்" என்றார்.

"யாரு வந்திருந்தா?"

"அதுதான். ப்ளேன் வந்திருந்தா." நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்ணன் லெட்டருக்கு, சரி, வரேன்னு நானா எழுத முடியல. எத்தினியோ தடவ உக்காந்து பார்த்தேன். அப்பா கல்லு பொறுக்கின நெலம், நானா வுட்டுட்டுப் போனேன்னு ஆயிடும். அவங்களா புடுங்கிக்கினா எழுதலாம்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

"அந்தக் காகிதம்" என்றேன்.

"படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். நாம குடுக்கிற கன்சென்ட்டுன்னு தெரிஞ்சிதான் போட்டேன்."

"மத்தவங்க?"

"கேட்டாங்க. கன்சென்ட்டுதான்னு சொன்னேன். பொய் சொல்லல."

நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இருபத்திரண்டு வாசலில் நான் நின்றதும், அந்தக் கிழவர் என்னைப் பார்த்த பார்வையும், கூடத்தில் எழுந்து என் கணவருக்குத் தெரியாது என்று நான் கத்தியதும் ஒவ்வொன்றாக வந்தன. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கை எழுந்தது.

"அப்ப ஏன் வாபஸ்ல கையெழுத்து போட்டீங்க? நான் கொண்டாந்து நீட்டினப்போ வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"நீ இருபத்திமூணு லெட்டரு டைப் அடிச்சிக் கொண்டாந்தே. இங்கயே இருக்கணும்னு உனக்கு அவ்ளோ ஆசைன்னு அப்பத்தான் தெரிஞ்சிது. சரி, நீ இருக்கணும்னா இருப்போம்னு போட்டேன்."

"எனக்கு ஒரு நாளும் அந்த ஆசை இருந்ததில்ல" என்றேன். "கூ வந்த நாள்லேர்ந்து எனக்குப் போகணும். உங்களுக்காகத்தான் அலைஞ்சேன்."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லவேயில்லியே" என்றார்.

"நீங்க கேக்கவேயில்லியே."

மில் ரயில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பிறகு நான்தான், இப்போது எழுதினால் என்ன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அண்ணனுக்கு இன்றைக்கே எழுதுங்கள் என்றேன்.

"பதினாலு பேரு நீ சொன்னேன்னு நின்னுட்டாங்க" என்றார். "நாங்க போவல, நீங்களும் இருங்கன்னு சொல்லியிருக்கே. அவங்கள இங்க நிக்க வெச்சிட்டு நாம மொதல்ல ஏறணுமா?"

லட்டுப் பொட்டலத்தை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

லீஸ் முடியும்வரை அங்கேயே கரும்பு போட்டோம். அவர் கையெழுத்து விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதினாலு குடும்பங்களும் அந்த வருடங்களில் ஒவ்வொன்றாகப் பாஹர் போய்விட்டன. போகிறவர்கள் எங்களிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார்கள். நாங்கள் இருவரும் பஸ் நிற்கும் இடம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வருவோம். வந்ததும் அவர் கரும்புக்குள் போய்விடுவார், நான் உலை வைப்பேன்.